அறை ஒலி, ஒரு நிமிடம்

போனை மேசைமேல் வைக்காதீர்கள் ஐயா, மேசை அதிரும். நீங்கள் முழங்கையை ஊன்றும்போதெல்லாம் பிறகு கேட்கிறவன் காதில் இடி விழும். அந்தத் துண்டை நாலாக மடித்து அதன்மேல் வையுங்கள். இப்போது சரி. மின்விசிறியையும் நிறுத்திவிடுகிறேன். கொஞ்சம் வேர்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வருஷமாகச் சினிமாவுக்கும் ஆவணப்படத்துக்கும் ஒலி பிடிக்கிறவன், பழக்கம் விடவில்லை.

நீங்கள் ஒரு கையெழுத்துக்காகத்தான் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். நர்ஸம்மா மாடிப்படியில் தவறி விழுந்து இறந்தார், படத்தில் வேலை பார்த்த யாருக்கும் அதில் சம்பந்தமில்லை, ஆகவே கோப்பை மூடலாம். அந்தத் தாளில் இருப்பது இவ்வளவுதானே. போடுகிறேன். அதற்கு முன் நடந்ததை ஒருமுறை முறையாகச் சொல்லிவிடுகிறேன். பதிவாகட்டும். வைத்துக்கொள்வதும் அழிப்பதும் உங்கள் விருப்பம்.

பெரியவரைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முப்பத்தோரு வருஷம் நாட்டை ஆண்டவர். அவர் பேச்சைவிட, பேசுவதற்கு முன் அவர் செருமுகிற செருமல் பிரபலம். மேடை ஏறுவார், மைக் முன்னால் வந்து நிற்பார், வாயைத் திறக்க மாட்டார். கூட்டம் வரிசை வரிசையாக அடங்கும். ஈ பறந்தால் கேட்கும் என்ற நிலை வந்தபிறகு இரண்டு தரம் செருமுவார். முதலாவது குட்டை, இரண்டாவது நீளம். அப்புறம்தான் பேச்சு. பள்ளிக்கூடத்தில் அதைச் செய்துகாட்டி நான் உதை வாங்கியிருக்கிறேன்.

அவர் போய் நாலு வருஷம் கழித்து எழுத்தாளர் ஒருவர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அறுநூறு பக்கம். முதல் பத்து அத்தியாயங்களை யார் வேண்டுமானாலும் படித்துவிட்டுக் கொட்டாவி விடலாம். பதினோராவதில்தான் வினை. பெரியவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இறந்துபோனார், மருமகனை வாரிசாக அறிவிக்கும் கடிதத்தில் அவர் கையெழுத்து வியாழக்கிழமை சாயங்காலம் விழுந்தது, நடுவில் இருந்த இரண்டு நாளும் உடம்பை ஏசி அறையில் போட்டுக்கொண்டு அந்த வீட்டில் என்னென்ன செய்தார்கள் என்று மணி வாரியாக அதில் இருந்தது. சொன்னவர் யார் என்று மட்டும் இல்லை. ‘அருகில் இருந்த ஒருவர்’ என்று போட்டிருந்தது.

அருகில் இருந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். இரண்டு டாக்டர், நாலு நர்ஸ், மூன்று வேலையாட்கள். மருமகன் ஒன்பது பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, மரியாதையாகக் கேட்டார். ஒன்பது பேரும் நான் இல்லை என்று சத்தியம் செய்தார்கள். ஒன்பது பேரையும் ஒன்றாக ஏதாவது செய்தால் ஊர் சிரிக்கும். மருமகன் பொறுமைசாலி, யார் என்று தெரியட்டும் என்று விட்டுவிட்டார்.

எங்கள் படம் பெரியவரைப் பற்றியது இல்லை, அந்தப் புத்தகம் புத்தகமான கதை. மூன்று அச்சகங்கள் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பின. நாலாவது அச்சகத்தில் பதிப்பாளர் முதல் ஆயிரம் பிரதியையும் பள்ளிக்கூட ஜியோமெட்ரி புத்தகத்தின் அட்டைக்குள் வைத்துத் தைத்து ஊர் ஊராக அனுப்பினார். கடைக் கண்ணாடிகள் உடைந்தன, கோர்ட்டில் தடை வந்தது, தடை போயிற்று. டைரக்டரம்மா இரண்டு வருஷம் இதன் பின்னாலேயே அலைந்தார். எல்லாம் படமாகிவிட்டது. ஆனால் பதினோராவது அத்தியாயத்தைச் சொன்ன ஆள் இல்லாமல் படம் உப்புச்சப்பில்லாமல் இருந்தது. எங்களுக்குள் அந்த ஆளை ‘பதினொன்று’ என்றுதான் சொல்வோம். பெயர் எழுத்தாளருக்கு மட்டும் தெரியும்.

பதினொன்று சம்மதிக்க எட்டு மாதம் ஆனது. நிபந்தனைகள் போட்டார். முகம் தெரியக்கூடாது, குரலை மாற்ற வேண்டும், வீடு தெரியக்கூடாது. டைரக்டரம்மா அதற்கு மேலேயே போனார். காலண்டர், மருந்துச்சீட்டு, புறங்கையில் இருந்த தழும்பு, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தண்ணீர்த்தொட்டி என்று ஒரு நோட்டில் எழுதிவைத்து ஒவ்வொன்றாக மறைத்தார். பாவம், கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் யோசித்திருந்தார்.

மூன்றாவது மாடி. குழாய் ரிப்பேர் செய்ய வந்தவர்கள் மாதிரி, கருவிப் பைகளோடு, கால் மணிக்கு ஒருவராக ஏறினோம். பட்டப்பகல், பதினொரு மணி. கதவைத் திறந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். உயரமில்லை, ஒல்லி, தலைமுடியை இழுத்து முடிந்திருந்தார். பெரியவருக்குக் கடைசி ஆறு வருஷம் ஊசி போட்டவர், மாத்திரை கொடுத்தவர், துடைத்துவிட்டவர். உள்ளே ரேடியோ மெல்லிசாகப் பாடிக்கொண்டிருந்தது. சமையலறை ஜன்னலோரம் ஒரு கூண்டு, கூண்டுக்குள் சாம்பல் நிறக் கிளி.

கூண்டைப் பார்த்ததும் எழுத்தாளர், “இதை எடுத்து உள்ள வைங்கக்கா மொதல்ல” என்றார். ஏன் என்று டைரக்டரம்மா கேட்டார். நர்ஸம்மாவே சொன்னார்.

“இது பெரியவர் கிளிங்க. அவர் செருமுறத அப்படியே பழகி வெச்சிருக்கு. அவர் போன மூணாம் நாள், கூடம் முழுக்க ஆளுங்க, இது செருமிடுச்சு. மருமகன் அப்படியே வெளுத்துப் போயிட்டாரு. என்னைக் கூப்பிட்டு, இத எங்கயாச்சும் எடுத்துட்டுப் போயிடு, இல்ல கழுத்தத் திருகிப் போடுன்னாரு. எனக்கு மனசு வரல. துணிப் பையில போட்டு எடுத்தாந்துட்டேன்.”

புத்தகத்தில் கிளி கிடையாது. எழுத்தாளர் எழுதவில்லை. அவரைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை, ஆனால் இந்த விஷயத்தில் அவர் செய்தது சரி. கிளியை எழுதுவதும் இந்த அம்மாவின் கதவிலக்கத்தை எழுதுவதும் ஒன்றுதான். இந்தக் கிளி யாரிடம் போனது என்று மருமகனுக்கு நன்றாகத் தெரியும்.

கூண்டைக் குளியலறைக்குள் கொண்டுபோய், இரண்டு போர்வையைப் போர்த்தி, கதவைச் சாத்தினோம். இருட்டில் பறவை பேசாது என்றார் ஒளிப்பதிவாளர். அவர் கேமராவைத் தவிர எல்லாவற்றிலும் நிபுணர். நான் ரேடியோவை நிறுத்தச் சொன்னேன். பின்னால் பாட்டு ஓடினால் பேச்சை வெட்டி ஒட்ட முடியாது.

“அது பாட்டுக்கு ஓடட்டுமே தம்பி. இந்த வீட்டுல அத நிறுத்துறதே இல்ல” என்றார் நர்ஸம்மா.

“நிறுத்தித்தான் ஆகணும்க்கா.”

இன்னும் ஏதோ சொல்ல வந்தார். டைரக்டரம்மா அதற்குள் அவரை ஜன்னலுக்கு எதிரே உட்காரவைத்து, வெளிச்சம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ரேடியோவை நானே போய் நிறுத்தினேன்.

நன்றாகப் பேசினார். இரண்டே முக்கால் மணி நேரம். நர்ஸுகள் பேசினால் அப்படித்தான், அழுகை, அலங்காரம் எதுவும் இருக்காது, எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று மட்டும் சொல்வார்கள். நடுவில் ஒருமுறை டீ குடித்தோம். கடைசியில் டைரக்டரம்மா, “போதும்க்கா, நல்லா வந்திருக்கு” என்றார். எல்லாரும் எழுந்தார்கள். நான் எழ விடவில்லை.

இங்கே எங்கள் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் தனி அமைதி உண்டு ஐயா. யாரும் பேசாதபோதும் அதில் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், தூரத்துத் தெரு, சுவருக்குள் தண்ணீர், ஃப்ரிட்ஜ். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடையில் விழும் பள்ளத்தை அதை வைத்துத்தான் நிரப்புவோம். அதனால் எங்கே படம் பிடித்தாலும், கிளம்பும் முன் ஒரு நிமிஷம் எல்லாரும் இருந்த இடத்தில் அசையாமல் இருக்க வேண்டும். ‘அறை ஒலி, ஒரு நிமிஷம்’ என்று நான் சொல்வேன். டைரக்டர் ஆனாலும் சரி, மந்திரி ஆனாலும் சரி, சிலை மாதிரி நிற்பார்கள். நாள் முழுக்க என்னை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள், அந்த ஒரு நிமிஷம் மட்டும் மூச்சுவிடக்கூட என்னைக் கேட்பார்கள்.

சொன்னேன். நின்றார்கள். நாற்பதாவது விநாடி, சாத்திய கதவுக்கும் இரண்டு போர்வைக்கும் பின்னாலிருந்து, கிளி செருமியது. ஒன்று குட்டை, ஒன்று நீளம்.

அப்போதுதான் எனக்கு ரேடியோ விஷயம் புரிந்தது. அந்தக் கிளிக்கு இருட்டும் வெளிச்சமும் ஒரு பொருட்டே இல்லை. கூட்டம் அடங்கியதும் செருமுகிறவரிடம் பழகியது அது. அறை சுத்தமாக அடங்கினால் செருமும். அடங்கவே விடக்கூடாது என்றுதான் அந்த அம்மா வருஷக்கணக்காக ரேடியோவை ஓடவிட்டிருக்கிறார். நாங்கள் போய் நிறுத்திவிட்டு, அசையாமல் நின்று, அதற்கு ஒரு மேடை போட்டுக் கொடுத்தோம்.

ஹெட்போன் போட்டிருந்தது நான் மட்டும். ஒளிப்பதிவாளர் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார், டைரக்டரம்மா நோட்டில் கண்ணாக இருந்தார், எழுத்தாளர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிஷம் முடிந்தது. நன்றி என்றேன். வயர்களைச் சுருட்டினோம்.

படத்தொகுப்பு நாலு மாதம். பதினொன்றின் பகுதி ஒன்பது நிமிஷமாகச் சுருங்கியது. குரலை நானே மாற்றினேன். ஒரு ஆண் பேசுவது மாதிரி, வயசாளி மாதிரி, யாரும் கண்டுபிடிக்க முடியாத வேலை. பெற்ற மகளுக்கே அடையாளம் தெரியாது, பிறகு அது உண்மையென்று ஆனது. அதன் அடியில் அந்த அறையின் ஒலியைப் போட்டேன். ஒரே நிமிஷத்தைத் திரும்பத் திரும்ப ஒட்ட வேண்டும், ஒட்டும்போது கிளியை எடுத்துவிட வேண்டும். எட்டு இடத்தில் எடுத்தேன். ஒரு இடத்தில் விட்டேன்.

எந்த இடம் என்று கேட்கிறீர்கள். ‘செவ்வாய்க்கிழமை காலைல ஆறு இருபதுக்கு அவர் மூச்சு நின்னுடுச்சு’ என்று சொல்லிவிட்டு அந்த அம்மா நாலு விநாடி பேசாமல் இருப்பார். அந்த நாலு விநாடிக்குள். சத்தத்தை மிகவும் குறைத்துத்தான் வைத்தேன், அடுத்த வீட்டில் யாரோ செருமிய மாதிரி. தெரியாதவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. அந்த வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு மட்டும்தான் அது ஏதோ ஒன்று. டைரக்டரம்மா அந்த இடத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இந்த சைலன்ஸ்ல என்னமோ பண்ணியிருக்கீங்க, எனக்கு உடம்பு சிலிர்க்குது” என்றார். என் வேலையைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

நான் காரணமில்லாமல் செய்தேன் என்று நினைக்காதீர்கள். யோசித்துப் பாருங்கள். முகத்தை மறைத்தாகிவிட்டது, குரலை மாற்றியாகிவிட்டது, வீட்டை மூடியாகிவிட்டது. அந்த ஒன்பது நிமிஷத்தில் நிஜம் என்று என்ன மிச்சம்? ஆவணப்படம் என்று பெயர் வைத்துவிட்டு முழுப் பொய்யை ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு மூலையிலாவது நடந்தது இருக்கட்டும் என்று நினைத்தேன். தொழில் நேர்மை என்று ஒன்று இருக்கிறதே.

தணிக்கைக் குழு பார்த்தபோது மருமகனே நேரில் வந்தார். வரமாட்டார், தடைதான் செய்வார் என்று பதிப்பாளர் பந்தயம் கட்டியிருந்தார். மருமகன் வெள்ளைச் சட்டையில், இரண்டே பேரோடு, சிரித்த முகமாக வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். விதிப்படி ஒலிக்காரன் உடன் இருக்க வேண்டும், சத்தம் கூடக் குறையப் பார்த்துக்கொள்ள. நான் ஐந்தாவது வரிசையில், கட்டுப்பாட்டுப் பெட்டியோடு, அவருக்குச் சாய்வாகப் பின்னால் இருந்தேன். அந்தத் தியேட்டரில் ஒலி கொஞ்சம் மந்தம். பதினொன்றின் பகுதி வந்தபோது சத்தத்தை இரண்டு கோடு ஏற்றினேன். எந்தத் தொழில்காரனும் அதைத்தான் செய்திருப்பான்.

அவர் ஏதோ மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தார். தாடை அசைந்துகொண்டே இருந்தது. ஆறு இருபதுக்கு மூச்சு நின்றது என்று குரல் சொன்னது. தாடை நின்றது. ஆனால் அவர் திரையைப் பார்க்கவில்லை ஐயா. மெதுவாகத் திரும்பி வாசல் கதவைப் பார்த்தார். யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று நினைத்தவர் மாதிரி. அந்த முகத்தை நான் பார்த்தேன். முப்பத்தோரு வருஷம் மாமனாருக்குப் பயந்து கிடந்தவன் முகம். ஒரு கணம்தான். அப்புறம் சாய்ந்து உட்கார்ந்து, மிட்டாயைக் கடித்து முழுங்கிவிட்டு, கடைசிவரை ஜோராகப் பார்த்தார்.

ஒரு வெட்டுகூடச் சொல்லவில்லை. எழுந்து வந்து டைரக்டரம்மாவுக்குக் கை கொடுத்தார். “நல்ல படம்மா. ஜனங்க பாக்கட்டும். நமக்கு மடியில என்ன கனம்” என்றார். எங்கள் ஆபீசில் அன்று கேக் வெட்டினார்கள். எழுத்தாளர் மேசைமேல் ஏறி ஆடினார். ஜனநாயகம் பிழைத்தது என்று பதிப்பாளர் எல்லாரையும் கட்டிப்பிடித்தார், என்னையும் தவறுதலாகக் கட்டிப்பிடித்தார்.

பதினெட்டாவது நாள் நர்ஸம்மா படியில் தவறி விழுந்தார். பத்தொன்பது வருஷம் ஏறி இறங்கிய படி. மூன்றாவது மாடியிலிருந்து முதல் மாடி வரைக்கும் எங்கேயும் தங்காமல் விழுந்திருக்கிறார் என்று உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. மேலே வீட்டுக்குள் கிளி கழுத்து திருகிக் கிடந்தது என்பது அதில் இல்லை. அதைக் கூட்டி அள்ளிப் போட்டது பக்கத்து வீட்டுக்காரர். படியில் விழுந்தால் வீட்டுக்குள் இருக்கிற கிளிக்குக் கழுத்து திருகாது. இதைச் சொல்வதற்கு நான் யார், நீங்கள் பார்க்காத கேஸா.

எங்கள் ஆட்கள் நொறுங்கிப்போனார்கள். குழாய்க்காரர் வேஷத்தில் போன நம்மை யாரோ அடையாளம் கண்டுவிட்டார்கள் என்கிறார் டைரக்டரம்மா. எந்நேரமும் அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டு, எதை மறைக்காமல் விட்டேன், எதை விட்டேன் என்று கேட்கிறார். எழுத்தாளர்தான் குடித்துவிட்டு உளறியிருப்பார் என்று ஊரில் பேச்சு. அவர் வெளியே தலைகாட்டுவதில்லை, எழுதுவதும் இல்லையாம். நான் இரண்டு பேரையும் போய்ப் பார்த்தேன். விதி என்றேன். மனசைத் தேற்றிக்கொள்ளச் சொன்னேன்.

கிளி செருமியதை அப்போதே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் பதிவு என்று ஆகிவிட்டது, அதில் பொய் சேர வேண்டாம். ஒருவர் கேட்டார்.

மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கிய பிறகு, நான் கடைசி. நர்ஸம்மா வாசல் வரை வந்தார். ரேடியோவை மறுபடி போட்டிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். மருந்து வாசனை அடிக்கும் கை.

“தம்பி, ஒண்ணு கேக்கணும். அந்த ஒரு நிமிஷம் எல்லாரும் சும்மா நின்னீங்களே, அப்ப உள்ளேருந்து ஏதாச்சும் கேட்டுச்சா? சத்தமில்லன்னா அது செருமும். அதான் எனக்கு ஈரக்கொலை நடுங்கிப்போச்சு. இவங்க எல்லாம் படிச்சவங்க, ஆனா இவங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். அதான் உங்கள மட்டும் கேக்குறேன்.”

“ஒண்ணுமே கேக்கலக்கா. சுத்தமா இருக்கு” என்றேன்.

“நெஜமாவா?”

“காதுல போட்டுப் பாத்துட்டேன். கவலப்படாதீங்க.”

அவர் முகம் தெளிந்தது. நல்லா இருங்க தம்பி என்றார். என் கையை விடாமல் நாலைந்து படி கூடவே இறங்கி வந்தார்.

ஆக, படத்தொகுப்பு மேசையில் தோன்றிய யோசனை இல்லை அது. அந்த வாசலில் நிற்கும்போதே எனக்குத் தெரியும். தொழில் நேர்மை என்று முன்னால் சொன்னேனே, அதையும் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் கொஞ்சம் உண்டு.

ஏன் என்று கேட்கிறீர்கள். மருமகன் ஆட்கள் என்னிடம் வந்ததில்லை. கட்சி கிட்சி எனக்குக் கிடையாது, ஓட்டுப் போட்டே பத்து வருஷம் ஆகிறது. அந்த அம்மாவோடு எனக்கு எந்த விரோதமும் இல்லை. டீ நேரத்தில் நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்கிறேன். அதுதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள்.

பேசுகிறவர் கழுத்தோரம் ஒரு குட்டி மைக் குத்தியிருப்போம். ஐந்து நிமிஷத்தில் அதை மறந்துவிடுவார்கள். அதோடே கழிவறைக்குப் போவார்கள், போனில் புருஷனைத் திட்டுவார்கள். எல்லாம் எங்கள் காதுக்கு வரும். கேட்டும் கேட்காத மாதிரி இருப்போம். அன்று நர்ஸம்மாவும் எழுத்தாளரும் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கூடத்தில், ஹெட்போனைக் கழற்றவில்லை.

“அந்த மைக் வெச்சிருக்கிறவர் யாரு? ரேடியோவ நிறுத்தச் சொன்னதத் தவிர வந்ததுலேருந்து ஒரு வார்த்த பேசல. நம்பலாமா அவர?” என்று கேட்டார் நர்ஸம்மா.

“அவனா? ஐயோ அக்கா, அவனெல்லாம் ஒரு ஆளா. மைக்குக்கு ஸ்டாண்டு கெடைக்கல, அதான் அவனக் கூட்டிட்டு வந்தோம்.”

அந்த அம்மா சிரித்தார். லேசாக ஆரம்பித்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கரண்டி பாத்திரத்தில் தட்டுவது கேட்டது. ஐயய்யோ ஐயய்யோ என்று மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். ஏழு விநாடி. அப்புறம் டீ கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு முதலில் கொடுத்தார். சர்க்கரை போதுமா தம்பி என்று கேட்டார். போதும் என்றேன்.

கேலி பண்ணியது எழுத்தாளர்தானே என்பீர்கள். அவர் பண்ணட்டும். அந்த மாதிரி ஆட்களிடம் இருபத்திரண்டு வருஷமாக அதைக் கேட்கிறேன், அது தோலில்கூட ஒட்டாது. அந்த அம்மா ஆறு வருஷம் ஒரு கிழவனுக்குப் பீச்சட்டி எடுத்தவர். எங்கள் இரண்டு பேரையும்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் சிரித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நான் கோபப்படவில்லை ஐயா. கோபப்பட்டவன் அன்றைக்கே கத்தியிருப்பான். நான் எவ்வளவு நிதானமாக இருந்தேன் என்பதற்கு அந்த ஒன்பது நிமிஷத்தின் ஒலியே சாட்சி, ஒரு இடத்தில் பிசிறு காட்டுங்கள் பார்ப்போம்.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். போன மாதம் அவருடைய மகள் வந்திருந்தாள். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தாள். வெளியூரில் டீச்சர், இருபத்தைந்து வயசுக்குள் இருக்கும்.

“எங்கிட்ட அம்மா கொரல் ஒண்ணுகூட இல்ல சார். போன்ல பேசவே பயப்படுவாங்க. உங்க படத்துல கேட்டேன், அது வேற யாரோ. மாத்தாதது உங்ககிட்ட இருக்குமாமே.”

இருக்கிறது என்றேன். இரண்டே முக்கால் மணி நேரத்தையும் அவளுக்காக மறுபடி சுத்தம் பண்ணினேன். நாற்காலி முனகலை எடுத்தேன், கிளியை எடுத்தேன், தாயின் குரல் காதருகில் பேசுகிற மாதிரி வைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் வேலை. அவள் அந்தப் பென் டிரைவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகை அடங்கியதும் கேட்டாள்.

“பெரியவர் வீட்டுலேருந்து வந்ததுக்கப்புறம் அம்மா சிரிச்சு நான் பாத்ததே இல்ல சார். இதுல எங்கயாச்சும் சிரிச்சிருக்காங்களா?”

இல்லையம்மா என்றேன். எங்குமே சிரிக்கவில்லை என்றேன். அந்த ஏழு விநாடி என்னைப் பற்றியது ஐயா, அதை எதற்கு அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும்.